பாவிலேயே பாதித் தரம்: பாலராமபுரத்துத் தறிக்காரருக்கு

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கசவுச் சேலை கேட்டால் கடைக்காரர் இரண்டு வகை எடுத்துப் போடுவார். ஒன்று ஈரோடு, சேலம் பக்கத்து விசைத்தறியில் ஓடி வந்தது. இன்னொன்று பாலராமபுரத்துக் குழித்தறியில் கையால் நெய்தது. நிறம் ஒன்றுதான், கரையும் ஏறக்குறைய ஒன்றுதான். விலையோ பல மடங்கு வேறுபடும். "இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று வாங்க வந்தவர் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அது கைத்தறி." இந்த ஒரு சொல் இனி போதாது. ஊர் பெயரையும் கைத்தறி என்ற பெயரையும் போலிச் சரக்கும் போட்டுக்கொள்கிறது. நூல் நம்பர், அங்குலத்துக்கு எத்தனை ஊடை, சரிகை எந்த வகை, சேலையின் எடை: இந்த நாலையும் சீட்டில் அச்சடித்துக் காட்டக்கூடிய உற்பத்தியாளருக்குத்தான் அந்த விலையைக் கேட்கும் உரிமை இருக்கிறது. அந்த நாலையும் துணிந்து எழுதும் அளவுக்கு வேலையைச் சீர்படுத்துவது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம். கூட்டுறவுச் சங்கச் செயலாளர், பத்துப் பதினைந்து தறிக்கு நூல் கொடுத்து வாங்கும் முதலாளி, சொந்தத் தறி வைத்திருக்கும் நெசவாளி, மூவருக்குமே எழுதுகிறேன்.

பாலராமபுரம் திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை போகும் வழியில் இருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் பாலராமவர்மா ஆண்ட 1798-1810 காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியில், நாகர்கோவில் பக்கத்துச் சாலியர் குடும்பங்கள் இங்கே குடியேற்றப்பட்டன. சாலியர் தெருக்களில் தமிழ் இன்றும் வீட்டுமொழி. அரண்மனைக்கு முண்டும் நேரியதும் நெய்வதற்காக வந்தவர்கள். அப்போது தரம் பார்க்க அரண்மனை இருந்தது. இப்போது அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும்.

விலையில் விசைத்தறியோடு மோதாதீர்கள். அந்தச் சண்டையில் கைத்தறி ஜெயித்ததில்லை. விசைத்தறியால் 80 ஊடை போட முடியாதா என்றால், முடியும். அதன் நெசவு நம்முடையதைவிடச் சீராகக்கூட இருக்கும். நமக்கு மட்டும் வாய்த்தவை வேறு. பாவின் மேல் இழுவை குறைவாக இருப்பதால் நூலின் உயிர் போவதில்லை. அரிசிக் கஞ்சியும் தேங்காய் எண்ணெயும் தொட்ட பாவு துவைக்கத் துவைக்க மிருதுவாகும். பாலராமபுரத்துத் துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதம் தெரியாது. குட்டைப் பாவு போட்டு ஒரு கல்யாணத்துக்கு மட்டும் நாலு சேலையை வேறு கரையில் நெய்து கொடுக்கலாம். நீளப் பாவை ஏற்றி ஓட்டும் விசைத்தறிக்கு அது கட்டுப்படியாகாது. போட்டி போட வேண்டிய இடங்கள் இவைதான்.

நூல் வாங்கும் இடத்தில்

பாலராமபுரத்தின் பெயரைக் காப்பாற்றுவது நூறாம் நம்பர், அதற்கு மேற்பட்ட நம்பர் நூல். நம்பர் என்பது ஒரு ராத்தல் நூலில் 840 கெஜச் சிட்டம் எத்தனை என்ற கணக்கு. ஒரு ராத்தல் 453.6 கிராம். ஆக நூறாம் நம்பர் நூலில் ஒரு சிட்டம் நாலரை கிராமுக்குச் சற்றே மேல், பத்துச் சிட்டம் 45 கிராம். நகைக்கடைத் தராசு மாதிரி சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி வையுங்கள். கட்டைப் பிரித்ததும் வெவ்வேறு இடத்திலிருந்து பத்துச் சிட்டம் எடுத்து நிறுங்கள். 50 கிராம் காட்டினால் உங்கள் கையில் இருப்பது தொண்ணூறாம் நம்பர். மழைக்காலத்தில் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் எடை கூடுவது இயற்கை, ஆனால் ஐந்து கிராம் கூடாது. சிட்டத்தின் நீளமும் குறைந்து வரலாம். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டத்தைச் சுற்றி அளந்துவிடுங்கள்.

நிறுத்த எண்ணைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் எந்த மில் நூல் சீராக வருகிறது என்று அந்த நோட்டே சொல்லும். தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகம் வழியாகச் சிட்டப் பருத்தி நூலுக்குக் கிடைக்கும் 15 சதவீத மானியத்தைப் பயன்படுத்துங்கள், ஆனால் மானிய நூல் என்பதற்காக நிறுக்காமல் விடாதீர்கள். பெரிய ஆர்டர் என்றால் கோயம்புத்தூரில் உள்ள சிட்ரா ஜவுளி ஆய்வு நிறுவனத்துக்கு மாதிரி அனுப்பி நம்பரும் முறுக்கும் வலுவும் சோதித்துக்கொள்வது நல்லது.

பாவு

தறியில் நூல் அறுந்தால் எல்லோரும் நெசவாளியைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பாவைத்தான் பார்ப்பேன். நூல் அறுவது, முடிச்சு, நூலில் மயிர் எழும்புவது, கோடு விழுவது என்று சேலையில் காணும் குறைகளில் பெரும்பங்கு பாவு தறிக்கு ஏறும் முன்பே முடிவாகிவிடுகிறது.

பாலராமபுரத்தின் வழக்கம் தெருவில் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட்டுப் பிரஷால் நீவுவது. விடியலில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறிவிட்டால் பிரஷ் இழையை இழையிலிருந்து பிரிக்கும் முன்பே கஞ்சி காய்ந்து இரண்டு இழையையும் ஒட்டிவிடும். ஒட்டிய இழை அச்சில் உரசி அறும். கஞ்சி குறைந்தால் வேறு வினை. "அண்ணாச்சி, கஞ்சி ஏறல, நூலு மயிரா நிக்குது" என்று தறியில் உட்கார்ந்தவர் சொல்லும்போது பாவு ஏறி முடிந்திருக்கும், அந்தப் பாவு முழுக்க அவர் அவதிப்பட வேண்டியதுதான். கஞ்சி கூடினால் மாசி, பங்குனி வறட்சியில் நூல் முறுமுறுவென்று ஒடியும். தேங்காய் எண்ணெய் சேர்ப்பது அந்த முறிவைத் தடுக்கத்தான். எண்ணெய் மிகுந்தாலோ துணி பழுப்பேறும், சாயக் கரை இருந்தால் அது திட்டுத் திட்டாகத் தெரியும்.

இவ்வளவு நுணுக்கமான வேலையைக் கைப்பழக்கத்துக்கு மட்டும் விட்டுவைத்திருக்கிறோம். பாவு ஓட்டும் மூத்தவர்கள் விரலால் தொட்டே கஞ்சியின் பதம் சொல்வார்கள், அந்த அறிவுக்கு ஈடு கிடையாது. ஆனால் அவர்கள் காலத்துக்குப் பிறகு யார் சொல்வது? அடுத்த முறை அவர்கள் கஞ்சி காய்ச்சும்போது பக்கத்தில் நின்று அரிசி மாவு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, அன்றைக்கு வானம் எப்படி என்று நிறுத்தும் அளந்தும் எழுதிக்கொள்ளுங்கள். வெயில் நாளுக்கு ஒன்று, மூடாப்பு நாளுக்கு ஒன்று என்று இரண்டு அளவு கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பாவு ஓட்டுபவருக்குச் சேர வேண்டிய கூலியில் கை வைக்காதீர்கள். அவருடைய காலை நேரம்தான் பின்னால் பல நாள் நெசவைக் காக்கிறது.

பாவு பிணைத்து முடிந்ததும் முதல் ஒரு முழம் நெய்து நிறுத்தி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அச்சுப் பல்லில் இழை மாறி நுழைந்திருந்தால் நீளவாக்கில் ஒரு வெளுத்த கோடு தெரியும். அப்போதே அவிழ்த்துத் திருத்தினால் அரை மணி நேர வேலை. விட்டுவிட்டால் அந்தப் பாவில் வரும் எல்லாச் சேலையிலும் அதே கோடு இருக்கும்.

ஊடையும் கூலியும்

ஐந்தரை மீட்டர் நீளம், 48 அங்குல அகலம், அங்குலத்துக்கு 80 பாவு இழை, 80 ஊடை, எல்லாம் நூறாம் நம்பர் நூல் என்று ஒரு சேலையை எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மீட்டர் என்பது 216 அங்குலம் சொச்சம். ஊடை 17,300க்கு மேல் போக வேண்டும். அதாவது நெசவாளி நாடாவை அத்தனை முறை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் எறிகிறார். பாவு இழைகளின் மொத்த நீளம் சுமார் 21,000 மீட்டர், ஊடையும் அதே அளவு. நூறாம் நம்பர் நூல் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 169 கிலோமீட்டர் ஓடும். கணக்குப் போட்டால் சேலையில் உள்ள பருத்தி நூல் கால் கிலோ, வளைவுக்குச் சேர்த்து 260 கிராம். கஞ்சியும் சரிகையும் தனி.

இதே சேலையை 70 ஊடையில் நெய்தால் என்ன ஆகும்? மிச்சமாகும் நூல் 16 கிராம்தான், காசாகப் பார்த்தால் அற்பம். ஆனால் 2,100க்கு மேல் நாடா வீச்சு மிச்சம். எட்டில் ஒரு பங்கு உழைப்பு. ஒரு சேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில் ஊடையை இளக்கி நெய்பவருக்கு எட்டு நாள் வேலை ஏழு நாளில் முடிகிறது. நெருக்கி நெய்பவர் அதே கூலிக்கு ஒரு நாள் கூட உழைக்கிறார். நேர்மையாக நெய்பவரைத் தண்டிக்கும் முறை இது. இதை மாற்றாமல் தரம் பற்றி நெசவாளிக்குப் புத்தி சொல்வது அநியாயம்.

கூலியை ஊடைக் கணக்கில் கொடுங்கள். அதற்கு வேண்டியது ஒரு அங்குலம் காட்டும் பிக் கிளாஸ் என்ற மடக்குக் கண்ணாடி. சேலையின் ஐந்து இடத்தில் வையுங்கள்: தொடக்கம், முந்தி, நடுவில் மூன்று இடம். ஐந்தையும் கூட்டிச் சராசரி எடுங்கள். 78 முதல் 82 வரை வந்தால் முழுக்கூலி, 82 தாண்டினால் கொஞ்சம் கூடுதல், 78க்குக் கீழே போனால் அடுத்த தரத்துக் கூலி. எல்லையை நீங்கள் வேறாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் அது சுவரில் எழுதியிருக்க வேண்டும், எண்ணும்போது நெசவாளி பக்கத்தில் இருக்க வேண்டும். கண்ணாடியை அவர் கையிலும் கொடுங்கள். தானே எண்ணிப் பார்த்தவருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சராசரி சரியாக இருந்தும் துணி அழகில்லாமல் போவதுண்டு. மதியச் சோற்றுக்கு எழுந்து போய்த் திரும்பி வந்து அடித்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு தெரியும். தறி நின்ற நேரத்தில் பாவின் இழுவை மாறியதே காரணம். திரும்பி உட்கார்ந்ததும் இழுவையைத் தொட்டுப் பார்த்து, முதல் பத்து ஊடையைக் கைநிதானமாக அடித்துப் போவது பழக்கமாக வேண்டும். நூல் தீர்ந்து தார் மாற்றும் இடத்தை ஓரத்தில் வைத்துக்கொண்டால் நடுச்சேலையில் இரட்டை ஊடை விழாது.

அப்புறம் வெளிச்சம். நூறாம் நம்பர் நூலில் அறுந்த இழையைத் தேடி விழுதிலும் அச்சிலும் கோப்பது கண்ணுக்கு எவ்வளவு பாரம் என்பது தறிக்குழியில் இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35.22 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களைக் கண்டது, அதில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். வீட்டு வேலை முடிந்து மாலையில் தறிக்கு வருபவர்களுக்கு ஓட்டுக்கூரை இருட்டில் மங்கிய ஒரு பல்பு போதாது. தறிக்கு நேர் மேலே வெள்ளை எல்இடி குழல் விளக்கு ஒன்று, நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் கண் பரிசோதனையும் கிட்டப் பார்க்கும் கண்ணாடியும். இதைவிடக் குறைந்த செலவில் தரத்தைக் கூட்டும் வழி எனக்குத் தெரிந்து வேறு இல்லை. கண்ணாடிச் செலவைச் சங்கமோ முதலாளியோ ஏற்பதே முறை.

குழித்தறியின் குழி மண்ணின் ஈரத்தைப் பாவுக்குக் கொடுத்து நூலைப் பதமாக வைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் இடவப்பாதி மழையில் அதே குழியில் தண்ணீர் ஊறும். குழியின் விளிம்பை நாலு அங்குலம் உயர்த்திக் கட்டிவிட்டால் பல வீடுகளில் ஜூன், ஜூலை வேலை நாட்கள் மிஞ்சும்.

கசவு

தங்க முலாம் பூசிய வெள்ளிக் கம்பியைப் பட்டு இழையில் சுற்றியது அசல் சரிகை. செம்புக் கம்பிச் சரிகை நடுத்தரம். பாலியஸ்டர் பிலிமில் செய்தது கடைசி. பெரும்பாலும் எல்லாமே சூரத்திலிருந்து வருகிறது. எந்த வகையைப் போட்டாலும் குற்றமில்லை, போட்டதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம். சிறு துண்டைத் தீயில் காட்டினால் பாலியஸ்டர் உருகிச் சுருண்டு மணியாகும். உரைகல்லில் தேய்த்தால் செம்பு சிவப்புக் காட்டும். விலை உயர்ந்த கல்யாணச் சேலைக்கு இந்த நாட்டுச் சோதனை போதாது. காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் செய்வதுபோல இயந்திரத்தில் வெள்ளி, தங்க அளவு பார்த்துச் சீட்டு வாங்கி வையுங்கள்.

நெசவில் கசவுக்கரை சுருங்கி நெளிவதற்குக் காரணம், சரிகை பருத்திபோல நீண்டு கொடுக்காது என்பது. சரிகைப் பாவைத் தனியே பிரித்துக் கட்டி அதற்கென்று தனி எடை தொங்கவிடுங்கள். எடை இரண்டு கரைக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

கரைக்குச் சாய நூல் போடுபவர்கள் ஒவ்வொரு சாயக் கட்டிலும் சிறு சிட்டத்தை வெள்ளைத் துணியோடு சேர்த்துத் தைத்து வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்து நிழலில் உலர்த்துங்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்த நூலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். கோரா நிறத் துணியில் இறங்கும் சிவப்புக்கு மருந்து கிடையாது.

மடிக்கும் முன் மேசை

ஆயத்த ஆடை ஏற்றுமதி செய்பவர்கள் துணியை நாலு புள்ளி முறையில் பார்ப்பார்கள். குறை 3 அங்குலத்துக்குள் இருந்தால் 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. நூறு சதுர கெஜத்துக்கு 40 புள்ளிவரை ஏற்பது பரவலான வழக்கம். இதை நம் சேலைக்கு இறக்கிப் பார்க்கலாம். மேலே சொன்ன சேலை ஏறக்குறைய 8 சதுர கெஜம். ஆகவே ஒரு சேலைக்கு 3 புள்ளி. கழக்கூட்டம் பக்கம் மேனம்குளத்தில் உள்ள கின்ஃப்ரா ஆடைப் பூங்கா மாதிரியான இடங்களில் உள்ள தையல் ஆலைகளுக்குச் சட்டைத் துணி நெய்து கொடுக்க நினைத்தால், இந்த மொழியில் பேசினால்தான் அவர்கள் காது கொடுப்பார்கள்.

சாய்வான மேசை ஒன்று, அதன்மேல் கண்ணாடி, அடியில் விளக்கு. சேலை மேலிருந்து கீழே இழுபடும்போது குறை கண்ட இடத்தில் ஓரத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள். மூன்றுக்குள் இருந்தால் முதல் தரம். மேலே போனால் இரண்டாம் தரம் என்று சீட்டிலேயே எழுதிக் குறைத்து விற்கலாம். முதல் தரத்தோடு கலந்து மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு கடைக்காரர் ஒரு முறை ஏமாந்தால் அடுத்த நூறு சேலையையும் சந்தேகமாகவே விரிப்பார். எந்தக் குறை யாருடைய தறியில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை மாதம் ஒரு முறை பாருங்கள். கூலி பிடிப்பதற்காக அல்ல, அந்தத் தறியின் அச்சோ விழுதோ தேய்ந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதற்காக.

மேசையிலிருந்து இறங்கிய சேலையை நிறுத்து, எடையைச் சீட்டில் எழுதுங்கள். நாலாவது எண் அது. நன்றாக உலராத கஞ்சித் துணியை மழைக்காலத்தில் மடித்து அடுக்கினால் கரும்புள்ளி விழும். அலமாரியில் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். பாச்சா உருண்டை சரிகையில் படக்கூடாது என்று வாங்குபவருக்கும் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

முத்திரைகள்

பாலராமபுரம் சேலைக்கும் நுண் பருத்தித் துணிக்கும் 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலர் அத்தோடு வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். குறியீடு ஊருக்குத்தான் கிடைத்தது. அதை உங்கள் சீட்டில் போட, சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் நீங்கள் அனுமதி பெற்ற பயனாளராகப் பதிந்திருக்க வேண்டும். போலிக்காரர் மேல் வழக்குப் போடவும் அந்தப் பதிவு கைகொடுக்கும். 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி சில துணி வகைகளை விசைத்தறியில் நெய்யக் கூடாது. பட்டியல் இப்போது 11 வகைகளாகச் சுருங்கியிருந்தாலும் அதில் சேலையும் உண்டு. சந்தேகப்படும்படி ஏதாவது கண்டால் பில்லோடு வாங்கி அதிகாரிகளிடம் கொடுங்கள். வாய்ப்புகாரால் எதுவும் நகராது.

2006இல் வந்த கைத்தறி முத்திரை, கையால் நெய்தது என்பதற்குச் சாட்சி. 2015 ஆகஸ்ட் 7 அன்று தொடங்கிய இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் தரத்துக்கும் சாட்சி சொல்கிறது, சோதனையில் தேறினால்தான் கிடைக்கும். நாலு எண்ணையும் நோட்டில் வைத்திருப்பவருக்கு இந்தச் சோதனை பயமில்லை.

2018 வெள்ளத்தில் எர்ணாகுளம் பக்கம் சேந்தமங்கலத்தில் தறிகள் மூழ்கி, ஓணத்துக்கு வைத்திருந்த சேலைகள் சேற்றில் நாசமாயின. அந்தத் துணியில் செய்த சேக்குட்டி பொம்மைகள் உலகெங்கும் விற்று, நெசவாளர்களுக்குப் பணமாகத் திரும்பின. நெய்தவரின் ஊரையும் கதையையும் தெரிந்துகொண்ட மக்கள் விலை பார்க்காமல் வாங்கினார்கள். உங்கள் சீட்டில் நெசவாளியின் பெயருக்கு ஒரு வரி ஒதுக்குங்கள், அவர் சம்மதத்தோடு.

ஓணத்துக்கு எப்போது பாவு ஏற்றுவது

கேரளத்தில் கசவுத் துணிக்குச் சிங்கமாத ஓணம்தான் பெரிய விற்பனை, அடுத்தது மேடத்து விஷு. ஓணம் வருவதோ ஆகஸ்ட், செப்டம்பரில். அதற்கு முந்திய இரண்டு மாதமும் மழை. தெருவில் பாவு நீட்ட முடியாத நாட்களில் அவசரப்பட்டு வீட்டுக்குள் காயப்போட்ட பாவுதான் சீசன் சரக்கின் தரத்தைக் கெடுக்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலேயே ஓணத்துக்கு வேண்டிய பாவுகளைக் கஞ்சி போட்டு, நன்றாக உலர்த்தி, சுருட்டி, துணியில் பொதிந்து உயரமான இடத்தில் வையுங்கள். நூலுக்கு முன்பணம் மார்ச்சிலேயே வேண்டியிருக்கும். வங்கிக் கடனோ சங்கக் கடனோ கேட்க வேண்டிய மாதம் அதுதான், ஜூலையில் கேட்டுப் பயனில்லை.

2017இலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான சீருடைத் துணி கைத்தறிக்கு வந்ததில் பல தறிகளுக்கு ஆண்டு முழுக்க வேலை கிடைத்தது. அதை விட வேண்டாம். ஆனால் நுண்நூல் கைவந்த நெசவாளியைச் சீருடைக்கு மாற்றிவிடாதீர்கள். அந்தக் கை ஓராண்டு விட்டுப்போனால் திரும்பப் பழகச் சிரமம். புதிதாகத் தறிக்கு வருபவர்கள் சீருடையில் கை பழகட்டும், மூத்தவர்கள் நூறாம் நம்பரிலேயே இருக்கட்டும், இரண்டு வேலைக்கும் நாள்கூலி சமமாக வரும்படி ஊடைக் கூலியை நிர்ணயியுங்கள்.

விலை போடும்போது நூல், சரிகை, பாவு ஓட்டும் கூலி, நெசவுக் கூலி, அச்சு விழுது தேய்மானம், மேசையில் பார்ப்பவரின் சம்பளம், இரண்டாம் தரமாகப் போகும் சேலையின் நஷ்டம், சரக்குத் தேங்கும் மாதங்களின் வட்டி எல்லாவற்றையும் எழுதுங்கள். கடைசி மூன்றையும் பலர் எழுதுவதே இல்லை. அவை எழுதாத விலையில் விற்றால், ஓணத் தள்ளுபடி அறிவித்த அன்றைக்கு அந்தத் தள்ளுபடி நெசவாளியின் கூலியிலிருந்துதான் போகும்.

முதல் மாதத்தில் நாலு தறியில் மட்டும் தொடங்குங்கள். தராசு, பிக் கிளாஸ், நோட்டு, விளக்கு வைத்த மேசை, இவ்வளவுதான் முதலீடு. அந்த நாலு தறியின் சேலைகளுக்கு மட்டும் நாலு எண் எழுதிய சீட்டைக் கட்டி, தெரிந்த ஒரு கடையில் தனி அடுக்காக வைத்து, வாங்குபவர் எந்த எண்ணைக் கேட்டு விசாரிக்கிறார் என்று கடைப்பையனிடம் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த மாதம் ஐந்தாவது தறிக்குப் பாவு ஏற்றும் முன் அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு, எந்த நம்பர் நூல், எந்தச் சரிகை என்று முடிவு செய்யுங்கள்.